பொறந்ததுல இருந்தே, சார்!

இன்சூரன்ஸ் மேஜையில் உட்காருகிறவனுக்குக் காது எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கலாம். முகம் மட்டும் இருக்கவே கூடாது. எனக்கு முகமும் இருந்தது, அதற்குள் ஒரு டஜன் வாயும் இருந்தது. அதனால்தான் இத்தனை கதை.

டிப்ளமோ முடித்துவிட்டு, அப்ரண்டிஸ் லிஸ்ட்டில் பெயர் வருமா என்று காத்துக்கொண்டிருந்த வருஷம். எனக்கு வயது பத்தொன்பது. அனல் மின் நிலையத்தில் பெர்மனென்ட்டாக இருந்த அப்பா, ‘குவார்ட்டர்ஸ்ல ஃபேன் சுத்தறத எண்ணிகினு கெடக்காத’ என்று சொல்லி மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் குரூப் பாலிசி கார்டை வாங்க வேண்டும், ஃபாரம் நிரப்ப வேண்டும், சென்னைக்கு ஃபேக்ஸ் அடிக்க வேண்டும், அங்கிருந்து ‘சரி’ என்று பதில் வரும்வரை நோயாளியையும் கூட வந்தவர்களையும் சமாளிக்க வேண்டும். இதுதான் வேலை. மிச்ச நேரத்தில் யார் குரலிலாவது பேசுவேன். அது சம்பளமில்லாத வேலை.

எங்கள் சர்ஜன் முன்தோல் இறுக்கத்துக்குப் பெயர் போனவர். டாக்டர் பாஷையில் ஃபைமோசிஸ். தோல் பின்னால் போகாது. போனால் வலிக்கும், சமயத்தில் வெடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இருந்தால் இயல்பு, வளர்ந்த ஆளுக்கு வந்து தொந்தரவு கொடுத்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பல்வலி மாதிரி இதுவும் ஒரு வலி. ஆனால் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிப்பை அடக்கி அடக்கித் தொண்டை புண்ணான சகோதரர்களே, சகோதரிகளே, ஒரு ஆம்பளை இந்த வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் நாம் என்ன பாடுபடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். இது உங்களுக்காக எழுதியது. பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். குரல்களை மாற்ற மனசு வரவில்லை.

ஹெல்மெட் நேரம்

நெய்வேலியில் யார் எப்போது எங்கே இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு மணிக்கு இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் குப்புறப் படுத்திருப்பார்கள். செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் சுரங்கத்துக்குள் இருப்பார்கள். நைட் ஷிஃப்ட் ஆட்கள் இன்னும் போர்வைக்குள். ஆக, மூன்று மணிக்கு மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நாய்கூடத் தெரிந்த நாயாக இருக்காது. யார் கண்ணிலும் படாமல் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு இதுதான் நேரம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்கள். எல்லோரும் கண்டுபிடித்தது ஒரே நேரம். அதனால் மூன்று மணிக்கு எங்கள் பெஞ்சில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆறு பேர் தலையிலும் பைக் ஹெல்மெட். அவசரத்தில் சுரங்கத்து மஞ்சள் ஹெல்மெட்டோடே வந்தவர்களும் உண்டு. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவன் இது ஏதோ ஹெல்மெட் கடை என்று திரும்பிப் போயிருப்பான்.

ஒருநாள் இரண்டு ஹெல்மெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. வலது ஹெல்மெட், இடது ஹெல்மெட்டின் சாப்பாட்டுப் பையையே ரொம்ப நேரம் பார்த்தது.

“அண்ணே, நீங்க நம்ம பெல்ட்டு செக்‌ஷன் மணியண்ணன் தானே?”

“இல்லீங்க.”

“கொரலு அவரு மாதிரியே இருக்குதே?”

“அவரு என் தம்பி.”

“ஓ. என்னா பண்ணுதுங்க ஒடம்புக்கு?”

“பல்லு வலி.”

வலது ஹெல்மெட் தலையை ஆட்டியது. பிறகு ரொம்ப அக்கறையாகச் சொன்னது: “பல்லு வலின்னா ஹெல்மெட்ட கழட்டிகினு ஒக்காருங்கண்ணே, டாக்டரு பாவம், எந்தப் பக்கமா பாப்பாரு?”

தோலும் தாசில்தாரும்

சர்ஜன் திருநெல்வேலிக்காரர். நெய்வேலிக்கு வந்து வருஷக்கணக்காகியும் அவர் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே நின்றுவிட்டது. எனக்குக் கிடைத்த முதல் புதையல் அந்தக் குரல்தான். அவர் சாப்பிடப் போனதும் இன்டர்காமை எடுத்து, “ரோஸ்லினம்மா, மூணாம் நம்பர் பெட்டுக்கு ரெண்டு பரோட்டா குடுத்துரு, பாவம் பசிக்குங்கான்” என்பேன். நர்ஸ் ரோஸ்லின் அக்கா, “சார், அவருக்குக் காலைலதான சார் குடலெறக்க ஆபரேஷன்?” என்று பதறுவார். பிறகு நேராக என் மேஜைக்கு வந்து, கேஸ் ஷீட் அட்டையால் என் மண்டையில் ஒன்று வைப்பார்.

சர்ஜன் நோயாளிகளுக்குச் சொல்லும் விளக்கமும் எனக்கு மனப்பாடம். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். “பாரும் வே. முதல்ல களிம்பு. காலைலயும் ராத்திரியும் தடவி, மெதுவா, வலிக்காத அளவுக்கு இழுத்து விடணும். ஒன்றரை மாசம். நெறைய பேருக்கு அதுலயே சரியாப் போயிரும். சரியாவலியா, சின்னதா ஒரு கீறு கீறி வாய அகலமாக்கி விடலாம், தோலு அப்படியே இருக்கும். தழும்பு விழுந்து இறுகிப் போச்சுன்னா முழுசா எடுத்திர வேண்டியதுதான். மரத்துப் போவ ஊசி உண்டு. காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து லேசரா, ஸ்டேப்ளரான்னு எங்கிட்ட கேக்காதியும். கத்தி எதா இருந்தா என்ன, ஆறதுக்கு மூணு வாரம் ஆவும்.”

வடலூரிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்திருந்தார். விளக்கம் எல்லாவற்றையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வெளியே போனவர் கதவருகே நின்று திரும்பி வந்தார். “சார், ஒரு சந்தேகம். முழுசா எடுத்துட்டா நான் மதம் மாறின மாதிரி ஆயிடுமா? வூட்ல கேப்பாங்க.” சர்ஜன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற முதல் காரியம் அது. ஆனால் அன்றைக்குக் கோபம் இல்லை. “வே, நான் எடுக்கது தோலு. உம்ம கம்யூனிட்டி சர்டிபிகேட்ட எடுக்கணும்னா தாசில்தாரத்தான் போய்ப் பாக்கணும்.”

களிம்பு போன இடம்

ஏழுமலை அண்ணன் எங்களிடம் வந்தது ஆவணி மாசம். திருவதிகைக்காரர், முப்பது வயது, சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் ஆள். தை மாசக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா கலியபெருமாள். அதே கான்ட்ராக்டரின், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க். அதாவது ஏழுமலை அண்ணன் தினமும் காலையில் மாமனார் முகத்தில் விழித்து, அவரிடம்தான் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும்.

ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சமாகத் தூக்கி, அந்தச் சந்து வழியாக அண்ணன் என்னிடம் இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். “தம்பி, கல்யாணத்துக்குள்ள இது சரியாயிடணும். மாமாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா எதுனா கொறையுள்ளவன்னு நெனச்சிகினு பொண்ணு குடுக்க மாட்டாரு.” உள்ளே போனதும் சர்ஜன் முதலில் எழுதியது சர்க்கரைப் பரிசோதனை. “சார், வலி கீழங்க. நீங்க கையில குத்தறீங்களே?” என்று அண்ணன் சந்தேகம் கேட்டார். ரிசல்ட்டைப் பார்த்தால் சர்க்கரை எகிறியிருந்தது. சர்க்கரையினால் அந்த இடத்தில் அடிக்கடி புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, ஒரு வருஷத்தில் தோல் இறுகிவிட்டது என்றார் சர்ஜன். சர்க்கரைக்கு மாத்திரை, இறுக்கத்துக்குக் களிம்பு.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வந்தார். ஒரு முன்னேற்றமும் இல்லை. “ஒழுங்காத் தடவுனீரா?” என்று சர்ஜன் கேட்கக் கேட்க, அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு என் மேஜைக்கு வந்து உண்மையைச் சொன்னார். டியூபை அலமாரியில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். அம்மா துணி மடிக்கும்போது அதை எடுத்து, ஏதோ சேற்றுப்புண் மருந்து என்று நினைத்துக் கால் வெடிப்புக்குத் தடவியிருக்கிறார். மகனால் அது என் மருந்து என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் எதற்கென்று கேட்பாரே? முதல் டியூப் முழுக்க அம்மா காலுக்கே போய்விட்டது. அந்த அம்மா சொன்னதை அண்ணன் அழாத குறையாக அப்படியே ஒப்பித்தார்: “ரொம்ப நல்லா கேக்குதுடா ஏழுமல, காலு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, அடுத்த தபா பெரிய டியூபா பாத்து வாங்கிகினு வா.”

எப்போதிலிருந்து?

இரண்டாவது டியூபை அண்ணன் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒன்றரை மாசம் ஒழுங்காகத் தடவினார். கேட்கவில்லை. தழும்பாகிவிட்டது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் சர்ஜன். அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, புண் ஆறி, அதற்கப்புறம் சில வாரம் ‘விரதம்’ இருந்து, தைக் கடைசியில் மாப்பிள்ளையாக உட்கார வேண்டும். தேதி நெருக்கியது. கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்ததைத் தொடாமல் செய்துகொள்ள அண்ணனுக்கு இருந்த ஒரே வழி குரூப் பாலிசி. ஆகவே கேஸ் என் மேஜைக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம். அந்த பாலிசியில் இந்த ஆபரேஷன் மதச் சடங்குக்காக என்றால் கிடையாது, அழகுக்காக என்றால் கிடையாது, பிறவிக் குறை என்றாலும் கிடையாது. இடையில் வந்த நோய்க்கு வைத்தியம் என்று டாக்டர் எழுதினால் உண்டு. ஃபாரத்தில் ஒரு கேள்வி இருக்கும்: ‘இந்தத் தொந்தரவு எப்போதிலிருந்து?’ இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்கு வேறு ஏதோ கேட்பது போலத் தோன்றும். ‘நீ என்னடா தப்புப் பண்ணினாய்?’ என்று கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். உடனே தங்கள் ஒழுக்கத்தைக் காப்பாற்ற, போன மாசம் வந்தவரும், போன வருஷம் வந்தவரும், நெஞ்சில் கை வைத்து ஒரே பதிலைச் சொல்வார்கள். பொறந்ததுல இருந்தே, சார். நிஜமாகவே பிறவியிலிருந்து இருந்தவர்கள் அப்படிச் சொன்னது வேறு விஷயம். மற்றவர்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு கிளெய்மைப் பறிகொடுத்தார்கள்.

அண்ணனுக்கு நான் பாடம் எடுத்தேன். “அண்ணே, மெட்ராஸ்லேர்ந்து போன் வரும். நடந்தத அப்படியே சொல்லுங்க. ஒரு வருஷமா, சர்க்கரையால. அவ்ளோதான்.” தலையைத் தலையை ஆட்டினார். மறுநாளே போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு டாக்டரம்மா, குளிர்ந்த குரல்: “மிஸ்டர் ஏழுமலை, உங்களுக்கு இந்தப் பிரச்சினை எவ்வளவு நாளா இருக்கு?” ஒரு பெண் குரல் கேட்டதும் அண்ணன் விறைத்து எழுந்து நின்றுவிட்டார். நான் ஒரு விரலைக் காட்டுகிறேன். காலண்டரைக் காட்டுகிறேன். அவர் கண் எங்கோ போய்விட்டது. “பொறந்ததுல இருந்தேங்கம்மா, சத்தியமா. ஊர்ல யார வேணா கேட்டுப் பாருங்க, நான் அந்த மாதிரி ஆளே இல்லீங்க.”

அஞ்சு நிமிஷம் ஏழுமலை

சாயங்காலமே மறுப்பு ஃபேக்ஸ் வந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் போட மறந்திருந்தார், அவ்வளவு வருத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, கவலப்படாதீங்க. நானே நீங்களா பேசிடறேன்” என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய், போனைக் கையில் எடுக்குமுன் ஒரு ஒத்திகை பார்த்தேன். “அம்மா, நான்தாங்க ஏழுமல பேசறேன். காலைல தப்பா சொல்லிட்டேங்க. ஒரு வருஷமாதாங்க…” அண்ணன் குரல் அச்சாக வந்தது. எனக்கே என்மேல் பொறாமையாக இருந்தது.

பின்னால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. சர்ஜன். “லே, உன் வாயில எத்தன பேரு குடியிருக்கான்? ஆள் மாத்திப் பேசினா அது உதவி இல்ல, மோசடி. நாளைக்கு எவனும் இந்த ஆஸ்பத்திரி எழுதுத ஒரு வரிய நம்ப மாட்டான்.” பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். உண்மைதான் நம் பக்கம் இருக்கிறதே, அதற்கு எழுத்தில் ஒரு ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனைக்கு அவரே கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

ஆதாரத்தைச் சொன்னது ரோஸ்லின் அக்கா. “ஏன் ஏழுமல, கேட் பாஸ் போடறப்போ மெடிக்கல் எடுத்திருப்பாங்கல்ல?” எடுத்திருந்தார்கள். கான்ட்ராக்ட் ஆள் யாராயிருந்தாலும் சுரங்கத்து கேட் பாஸ் வாங்கும்முன் வரிசையில் நின்று, எல்லாவற்றையும் அவிழ்த்து, டாக்டர் தொட்டுப் பார்க்க, ஒரு இருமல் இரும வேண்டும். குடலிறக்கம் இருக்கிறதா, வேறு கோளாறு இருக்கிறதா என்று எல்லாம் ஃபாரத்தில் ஏறும். நாலு வருஷம் முன்னால் அண்ணனைப் பார்த்த டாக்டர் ‘எல்லாம் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறவியிலிருந்து இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் துள்ளிக் குதித்தேன். அண்ணன் மட்டும் அசையவில்லை. அந்த ஃபாரம் இருப்பது டைம் ஆபீஸ் பீரோவில். பீரோச் சாவி இருப்பது கலியபெருமாளின் இடுப்பில். “தம்பி, எதுக்குன்னு கேக்காம அவரு ஒரு குண்டூசி குடுக்க மாட்டாரு. அத வாங்கறதுக்குப் பதிலா நானே போயி கல்யாணத்த நிறுத்திகினு வந்துடலாம்.”

நான் சர்ஜன் பேசுதேன்

ஏழுமலையாகப் பேசக் கூடாது என்றுதான் சர்ஜன் சொன்னார். சர்ஜனாகப் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. இப்படித்தான் அன்றைக்கு என் மூளை வேலை செய்தது. உங்களிலும் சிலருக்கு இப்படி வேலை செய்திருக்கும், மறைக்காதீர்கள்.

திட்டம் சுலபம். ‘ஏழுமலையின் ஃபிட்னஸ் ஃபாரம் இன்சூரன்ஸுக்கு வேண்டும், காரணம் வைத்திய ரகசியம்’ என்று டாக்டர் தோரணையில் நாலு வார்த்தை. டாக்டரிடம் யார் எதிர்க் கேள்வி கேட்பார்கள்? அண்ணன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நம்பரைப் போட்டேன். தொண்டையைக் கனைத்து, சர்ஜன் கனைப்பது போல இன்னொரு தடவை கனைத்தேன்.

“ஹலோ, கலியபெருமாளா வே? நான் மந்தாரக்குப்பத்துலேர்ந்து சர்ஜன் பேசுதேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி கீழே விழும் சத்தம். பிறகு ரகசியக் குரல்: “சார்… சார்… போன்ல ஒண்ணும் சொல்லாதீங்க சார். சுத்தி ஆளுங்க இருக்காங்க. நாளைக்கு மூணு மணிக்கு நானே நேர்ல வந்துடறேன் சார்.” டக்கென்று வைத்துவிட்டார். நான் போனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். மூணு மணி என்று அவருக்கு யார் சொன்னது? அண்ணன் முகம் பெல்ட்டில் போகும் கரியின் நிறத்துக்கு வந்திருந்தது. “நீ இன்னும் என் பேரையே சொல்லலியே தம்பி, அதுக்குள்ள மாமா எதுக்கு இப்படி மூச்சு வாங்கறாரு?”

இரண்டு ஹெல்மெட்

மறுநாள் நல்ல மழை. பெஞ்சின் கோடியில் ஒரே ஒரு ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. ஏழுமலை அண்ணன்தான். வராதீர்கள் என்று எவ்வளவோ சொன்னேன். “என் தலவிதிய நானே கேட்டுக்கறேன்” என்று வந்துவிட்டார். சரியாக மூன்று மணிக்கு இன்னொரு ஹெல்மெட் உள்ளே வந்தது. சட்டைக்குள்ளிருந்து நனையாமல் ஒரு பழைய ஃபைலை எடுத்து என் மேஜையில் வைத்தது. எங்கள் ஆஸ்பத்திரி ஃபைல்.

“டாக்டர் சார் கூப்ட்டிருந்தாரு. இதப் பத்தித்தான் இருக்கும்னு எடுத்துகினு வந்தேன். தம்பி, தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். எனக்கு இந்த ஆபரேஷன் நடந்தது வூட்லயே தெரியாது, மூலம்னு சொல்லி வெச்சிருக்கறேன். மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா மானமே பூடும்.”

ஃபைலைத் திறந்தேன். நான் இந்த மேஜைக்கு வருவதற்கு முன்னால், அதே ஆபரேஷன், அதே சர்ஜன். முதல் பக்கத்தில் ஒரு மறுப்பு ஃபேக்ஸ் குத்தியிருந்தது. காரணம்: நோயாளி சொன்னபடி, பிறவியிலிருந்து. முகம் இருக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன் இல்லையா? என் முகம் அன்றைக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினேன்.

சர்ஜன் வெளியே வந்தார். “என்ன கலியபெருமாள், மறுபடி தொந்தரவா?” என்றார். “நீங்கதான சார் நேத்து போன் பண்ணீங்க?” என்றார் கலியபெருமாள். சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். மேஜைக்கடியில் இருந்த என்னைப் பார்த்தார். “எங்க, எந்திரி. அந்த போன இன்னொருக்கப் பேசிக் காட்டு.” எழுந்தேன். சர்ஜன் முன்னாலேயே சர்ஜன் குரலில் பேசினேன். என் வாழ்க்கையில் ரொம்ப மோசமான மேடை அதுதான். கலியபெருமாள் கை ஓங்கிவிட்டார். “டேய், பொடிப் பையா, என் குடும்ப மானத்துல வெளையாடறியா நீ?”

அந்தக் கை இறங்குவதற்குள் பெஞ்சுக் கோடி ஹெல்மெட் எழுந்து ஓடி வந்து நடுவில் நின்றது. நின்று, தலையிலிருந்து கழன்றது. “மாமா, அவன அடிக்காதீங்க. எனக்கோசரம்தான் பண்ணான். எனக்குத்தான் மாமா… அதே ஆபரேஷன்.”

கலியபெருமாள் ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்தார். ரோஸ்லின் அக்கா டெட்டால் பாட்டிலோடு உறைந்து நின்றார். இதோ கல்யாணம் நின்றது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மெதுவாகக் கையை இறக்கிய கலியபெருமாள், தன் ஹெல்மெட்டையும் கழற்றினார். பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டி மருமகனையும் உட்கார வைத்தார்.

“எத்தினி நாளா?”

“பொற…” என்று ஆரம்பித்தார் அண்ணன். நான் பல்லைக் கடித்தேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டார். “ஒரு வருஷமா மாமா. சர்க்கரையால. அதுக்கு சாட்சியா உங்க பீரோவுல இருக்கற என் கேட் பாஸ் மெடிக்கல் ஃபாரம் வேணும் மாமா.”

“எனக்கும் சர்க்கரதான். மெட்ராஸ்லேர்ந்து ஒரு அம்மா கேட்டுது, பொறந்ததுல இருந்தேன்னு சொல்லித் தொலச்சேன். வர வேண்டிய பாலிசிப் பணமும் போச்சு.” கலியபெருமாள் இடுப்பைத் தடவி பீரோச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஃபாரம் தானே, நாளைக்கே எடுத்துகினு வரேன். மாப்ள, ஆபரேஷன் முடிஞ்சா ஒரு வாரத்துக்கு பேன்ட்டு ஆவாது, பழைய வேட்டியா நாலு எடுத்து வெச்சுக்க, கேட்டா மூலம்னு சொல்லிடு.”

பந்தி

ஃபாரம் வந்தது. சர்ஜன் கடிதம் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: சர்க்கரை, திரும்பத் திரும்ப வந்த புண், களிம்பு கேட்காதது, நாலு வருஷம் முன்னால் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா மறுபடி போன் செய்தபோது மாமனார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டோம். “ஒரு வருஷமாங்கம்மா” என்றார். குரல் நடுங்கியது, ஆனால் அவருடைய சொந்தக் குரல். மூன்றாம் நாள் அப்ரூவல் வந்தது. ஃபேக்ஸ் பேப்பர் பாதியில் தீர்ந்து, பாலிசி ஆட்கள் சரி என்று சொன்ன வரியோடு நின்றது. அது போதும். கார்த்திகை முடிவதற்குள் ஆபரேஷனும் முடிந்தது.

எனக்குத் தண்டனை: கலியபெருமாளிடம் மன்னிப்பு, ஒரு மாசம் போனைத் தொடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குள் சொந்தக் குரலில் மட்டும்தான் பேச வேண்டும். முதல் நாள் “அக்கா, அந்த ரிப்போர்ட்டக் குடுங்க” என்றேன். ரோஸ்லின் அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, “இதான் உன் குரலாடா? பேசாம டாக்டர் குரலுலயே கேளு” என்றார்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் மாலையும் கழுத்துமாக, நிமிர்ந்து, முகத்தில் எதையும் மூடாமல் உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் என்னைக் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்து, சொந்தக்காரர்களிடம், “நம்ம தம்பி, ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ் பாக்குது” என்று மட்டும் அறிமுகப்படுத்தினார். நான் அன்றைக்கு முகமே இல்லாமல் சாப்பிட்டேன். தொழில் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. கை கழுவும் இடத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் என் காதருகே குனிந்து கேட்டார்: “தம்பி, மூணு மணிக்கு வந்தா கூட்டம் இருக்காதுல்ல?”

எல்லார் குரலிலும் பேசத் தெரிந்த நான் அந்த மேஜையில் கண்டது இவ்வளவுதான்: ஒரு ஆம்பளை தன் சொந்தக் குரலில் ‘ஒரு வருஷமா’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாலிசியே காலாவதியாகிவிடும்.